பசியைப் படித்த அறிஞர்

ஒரு கவளத்தை மென்று விழுங்கியவுடன் உண்ணும் வேலை முடிந்துவிட்டது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் உணவின் பயணம் அங்கேதான் தொடங்குகிறது. வாயில் இட்ட சோறு இரைப்பையைக் கடந்து, குடலில் கரைந்து, குருதியில் கலந்து, கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரணுவின் உள்ளே சென்று சேர்கிறது. அங்குதான் அது வலிமையாகவும் வெப்பமாகவும் தசையாகவும் மாறுகிறது. உணவு அங்குச் சென்று சேராவிட்டால் வயிறு நிறைந்திருந்தும் உடல் பட்டினி கிடக்கும்.

இந்த உண்மையைத் தம் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர் பீரேஷ் சந்திர குகா. இந்தியாவின் நவீன உயிர்வேதியியலின் தந்தை என்று போற்றப்படுபவர். உயிரணுவுக்குள் நிகழும் நுண்ணிய மாற்றங்களை ஆராய்ந்த அவருடைய கண்கள், ஆய்வுக்கூடத்தின் வாயிலுக்கு வெளியே பசித்துக் கிடந்த மனிதர்களையும் கண்டன. அவ்விரண்டையும் ஒன்றாகவே கருதியதுதான் அவருடைய வாழ்க்கையின் சிறப்பு.

பிறப்பும் கல்வியும்

பீரேஷ் சந்திர குகா 1904ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள், அந்நாளைய வங்காளத்தின் மைமன்சிங் நகரில் பிறந்தார். இன்று அந்நகர் வங்கதேசத்தில் உள்ளது. பரிசால் பகுதியின் புகழ்பெற்ற நாட்டுப்பற்றாளர் அசுவினி குமார் தத்தர் அவருக்குத் தாய்வழி உறவினர். எனவே நாட்டுப்பற்று அவருக்குப் புத்தகத்தில் படித்த பாடமாக இல்லாமல், வீட்டில் நாள்தோறும் கேட்ட பேச்சாகவே இருந்தது.

பள்ளிப் படிப்பை முடித்த குகா, கொல்கத்தாவில் உள்ள பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். அப்போது காந்தியடிகள் தொடங்கிய ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவியிருந்தது. மாணவர் பலர் வகுப்பறைகளை விட்டு வெளியேறினர். குகாவும் விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டார். அதன் விளைவாகக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார்.

படிப்பில் முதன்மையாக விளங்கிய ஓர் இளைஞனுக்கு இது பேரிடியாக இருந்திருக்க வேண்டும். ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. கொல்கத்தாவிலேயே உள்ள புனித பவுல் பேராலயக் கல்லூரியில் சேர்ந்து படிப்பைத் தொடர்ந்தார். 1923ஆம் ஆண்டு வேதியியலில் இளம் அறிவியல் பட்டத் தேர்வில் பல்கலைக்கழகத்திலேயே முதலிடம் பெற்றார். 1925ஆம் ஆண்டு முதுநிலைத் தேர்விலும் முதலிடம் அவருக்கே கிடைத்தது.

பேராசானின் நிழலில்

அக்காலத்தில் கொல்கத்தாவில் வேதியியல் என்றாலே அனைவருக்கும் நினைவுக்கு வந்தவர் ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய். அவர் பேரறிஞர், ஆனால் துறவி போல் எளிமையாக வாழ்ந்தார். அறிவியல் கல்லூரிக் கட்டடத்திலேயே ஓர் அறையில் தங்கியிருந்தார். தம் ஊதியத்தைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பணிகளுக்கே கொடுத்தார். வெள்ளமும் பஞ்சமும் வந்த காலங்களில் மாணவர்களைத் திரட்டிக்கொண்டு துயர்துடைப்புப் பணியில் இறங்கினார். வேதியியல் அறிவு நாட்டு மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்ற நோக்கத்தில் அவர் தொடங்கிய நிறுவனமே பெங்கால் கெமிக்கல்.

குகா அந்நிறுவனத்தில் ஏறத்தாழ ஓராண்டு பணியாற்றினார். ஆய்வுக்கூடத்தில் கண்டறியும் உண்மை அங்கேயே அடைபட்டுக் கிடக்கலாகாது. அது மக்களின் வாழ்க்கையைச் சென்று சேர வேண்டும் என்பதை அவர் பிரபுல்ல சந்திரரின் வாழ்க்கையிலிருந்து கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் அவர் எடுத்த பெரிய முடிவுகள் எல்லாவற்றிலும் இந்தப் பாடத்தின் சாயலைக் காணலாம்.

கடல் கடந்த ஆராய்ச்சி

1926ஆம் ஆண்டு டாட்டா கல்வி உதவித்தொகை பெற்று, குகா இலண்டனுக்குச் சென்றார். அக்காலம் ஊட்டச்சத்து அறிவியலின் பொற்காலமாகும். அதற்குச் சில பத்தாண்டுகளுக்கு முன்புவரை, மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, தாது உப்புகள், நீர் ஆகியவை போதிய அளவில் இருந்தால் உடலுக்கு வேறொன்றும் தேவையில்லை என்றே அறிஞர்கள் நம்பினர். ஆனால் நன்கு தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் உண்டவர்களைப் பெரிபெரி என்னும் நோய் பற்றியது. காய்கனி கிடைக்காத நெடுங்கடற் பயணங்களில் மாலுமிகளின் ஈறுகளில் குருதி கசிந்தது. பழைய புண்கள் மீண்டும் திறந்தன. அந்நோய்க்கு ஸ்கர்வி என்று பெயர்.

உணவில் மிகச் சிறிய அளவிலேயே இருந்தாலும், இல்லாவிட்டால் உயிரையே மாய்க்கக்கூடிய பொருள்கள் உள்ளன என்பது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று. 1912ஆம் ஆண்டு காசிமிர் பங்க் என்னும் அறிஞர் அவற்றுக்கு வைட்டமின் என்று பெயரிட்டார். தமிழில் அவற்றை உயிர்ச்சத்துகள் என்கிறோம். அவற்றை ஏ, பி, சி என எழுத்துகளால் வரிசைப்படுத்தி அழைக்கும் முறையை முன்மொழிந்தவர் ஜாக் டிரம்மண்ட். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த அந்த டிரம்மண்டிடமே குகா மாணவராகச் சேர்ந்தார். பின்னர்க் கேம்பிரிட்ஜில், உயிர்ச்சத்து ஆராய்ச்சிக்காக 1929ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பிரெடரிக் கவுலண்ட் ஹாப்கின்சின் வழிகாட்டுதலிலும் ஆய்வு செய்தார்.

குகா எடுத்துக்கொண்ட பொருள் உயிர்ச்சத்து பி2. மாட்டுக் கல்லீரலில் அது மிகுதியாக இருப்பதை அவர் ஆராய்ந்தார். இவ்வாய்வுகளால் இலண்டன் பல்கலைக்கழகத்தின் உயர் பட்டங்களைப் பெற்றார். நீக்கப்பட்ட மாணவராகத் தம் கல்லூரி வாழ்க்கையைத் தொடங்கியவர், அறிஞர்கள் மதிக்கும் ஆய்வாளராக 1932ஆம் ஆண்டு தாயகம் திரும்பினார்.

உயிரணு உண்ணும் முறை

குகாவின் பணியை உணர்ந்துகொள்ள, உணவை நம் உடல் எவ்வாறு பயன்படுத்துகிறது என்பதைச் சிறிது அறிந்துகொள்வது நலம்.

நாம் உண்ணும் சோற்றில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. அது செரித்துக் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகிறது. பருப்பிலும் மீனிலும் உள்ள புரதம் அமினோ அமிலங்களாகப் பிரிகிறது. எண்ணெயில் உள்ள கொழுப்பு, கொழுப்பு அமிலங்களாக உடைகிறது. இவற்றைக் குருதி ஒவ்வோர் உயிரணுவின் வாசலுக்கும் சுமந்து செல்கிறது.

உயிரணுவுக்குள் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணிய உறுப்புகள் உள்ளன. அவற்றை உயிரணுவின் அடுப்புகள் எனலாம். விறகு ஒரே மூச்சில் எரிந்து தீர்வது போல அங்கே உணவு எரிவதில்லை. மூச்சில் நாம் இழுத்த ஆக்சிஜனின் துணையுடன் படிப்படியாக, சிறுகச் சிறுக அது ஆற்றலை வெளிவிடுகிறது. அவ்வாற்றல் ஏடிபி என்னும் பொருளில் சேமிக்கப்பட்டு, வேண்டும்போது செலவிடப்படுகிறது. உயிரணுவின் நாணயம் போன்ற இந்த ஏடிபியை 1929ஆம் ஆண்டு கண்டறிந்தவர்களுள் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார்.

அடுப்பில் விறகு இருந்தால் மட்டும் போதாது. பற்றவைக்க நெருப்பும் ஊதிவிட ஒருவரும் வேண்டும். உயிரணுவில் அவ்வேலையைச் செய்பவை நொதிகள். பல நொதிகள் உயிர்ச்சத்துகளின் துணையின்றி இயங்கா. குகா ஆராய்ந்த உயிர்ச்சத்து பி2, மைட்டோகாண்டிரியாவில் உணவிலிருந்து ஆற்றலைப் பிரித்தெடுக்கும் நொதிகளுக்குத் துணை நிற்கிறது. உயிர்ச்சத்து சி, தோலையும் எலும்பையும் குருதிக்குழாய்களையும் இழுத்துப் பிணைக்கும் கொலாஜன் என்னும் புரதம் உறுதியாக உருவாகத் துணை செய்கிறது. அது குறைந்தால் ஈறுகளில் குருதி கசிவதும் புண்கள் ஆறாமல் இருப்பதும் இதனால்தான். ஆகவே ஒரு தட்டுச் சோறு வயிற்றை நிரப்பலாம். ஆனால் அதனுடன் கீரையும் பருப்பும் கனியும் சேரும்போதே உயிரணு முழுமையாக உண்கிறது.

கொல்கத்தாவின் ஆய்வுக்கூடம்

தாயகம் திரும்பிய குகா, பெங்கால் கெமிக்கல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1936ஆம் ஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு வேதியியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். மேலைநாட்டு ஆய்வுக்கூடங்களில் இருந்த வசதிகள் இங்கு இல்லை. உயிர்வேதியியல் என்ற துறையே பலருக்குப் புதிதாக இருந்தது. அச்சூழலில் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்து, ஓர் ஆய்வுப் பரம்பரையையே அவர் உருவாக்கினார்.

அவருடைய கவனம் உயிர்ச்சத்து சி பக்கம் திரும்பியது. நம் நாட்டுக் காய்கனிகளில் அச்சத்து எவ்வளவு உள்ளது என்று அவருடைய குழுவினர் அளந்தனர். அப்போது வியப்பான ஒன்று புலப்பட்டது. வெப்பம் உயிர்ச்சத்து சி-யை அழிக்கும் என்பது அனைவரும் அறிந்த செய்தி. ஆனால் முட்டைக்கோசைச் சூடாக்கியபின் அளந்தபோது, முன்பு காணப்பட்டதைவிட மிகுதியான உயிர்ச்சத்து சி தென்பட்டது.

பிழையாக அளந்துவிட்டோம் என்று கருதி அவர்கள் அதைத் தள்ளிவிடவில்லை. முட்டைக்கோசில் உயிர்ச்சத்து சி-யின் ஒரு பகுதி வேறொரு பொருளுடன் பிணைந்து மறைந்திருக்க வேண்டும் என்றும், சூடாக்கும்போது அப்பிணைப்பு விடுபடுகிறது என்றும் ஊகித்தனர். அந்தப் பிணைந்த பொருளுக்கு அஸ்கார்பிஜென் என்று பெயர் வழங்கலாயிற்று. பிற்காலத்தில் ஐரோப்பிய அறிஞர்கள் அதன் அமைப்பைத் தெளிவுபடுத்தினர். எதிர்பாராத விடை கிடைக்கும்போது அதை மறைக்காமல் ஏன் என்று வினவுவதே அறிவியலின் முதற்படி என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பஞ்சம் வந்தது

1943ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் பர்மா சப்பானியர் வசமானதால் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. 1942 அக்டோபரில் வீசிய பெரும்புயல் மேதினிப்பூர்க் கரையோரத்தைச் சூறையாடியது. எதிரிகள் கைப்பற்றிவிடக்கூடும் என்று அஞ்சி, ஆங்கிலேய அரசு ஆற்றுப்படகுகளை அப்புறப்படுத்தியதால் மீனவரும் உழவரும் தொழிலிழந்தனர். பதுக்கலாலும் போர்க்காலச் செலவுகளாலும் அரிசி விலை ஏழைகளின் கைக்கு எட்டாத உயரத்திற்குச் சென்றது. ஆட்சியாளர்கள் காலத்தில் விழித்துக்கொள்ளவில்லை.

நிலமற்ற கூலியாள்களும் மீனவர்களும் கைவினைஞர்களும் குடும்பம் குடும்பமாகக் கொல்கத்தாவை நோக்கி நடந்தனர். அவர்கள் வீடுதோறும் சென்று சோறு கேட்கவில்லை. சோறு கேட்டால் கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரியும். அரிசி வடித்த கஞ்சித்தண்ணீரையே கேட்டனர். அதுவும் கிடைக்காதவர்கள் நடைபாதைகளில் விழுந்து மாண்டனர். பஞ்சத்தாலும் அதைத் தொடர்ந்து பரவிய நோய்களாலும் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர்.

உணவில்லாத உடலில் என்ன நிகழ்கிறது என்பதை உயிர்வேதியியல் அறிஞர் ஒருவர் நன்கு அறிவார். கல்லீரலில் சேமித்த சர்க்கரை ஏறத்தாழ ஒரு நாளில் தீர்ந்துவிடுகிறது. பின்னர் உடல் தன் கொழுப்பை எரிக்கிறது. அதுவும் கரையக் கரைய, தன் தசைகளின் புரதத்தையே உடைத்துத் தின்னத் தொடங்குகிறது. இறுதியில் இதயத்தின் தசையும் மெலிகிறது. நெடுநாள் பட்டினி கிடந்த குடலால் திடீரெனக் கிடைத்த உணவைச் செரிக்கவும் இயலுவதில்லை. அதனால் முன்பே செரிக்கவைத்த புரதக் கரைசலைக் கொடுத்து உயிர்காக்கும் முயற்சிகளும் அந்நாளில் கொல்கத்தாவில் நடந்தன.

ஆய்வுக்கூடத்தில் குகா நூல்களின் வழியே கற்றவை எல்லாம் நகரத்தின் தெருக்களில் எலும்பும் தோலுமாக நின்றன.

இலையில் உணவு தேடியவர்

இந்நிலையில் குகாவும் அவருடைய மாணவர்களும் தங்களால் இயன்றதைச் செய்ய முனைந்தனர். தானியம் இல்லை, பால் இல்லை, மீனும் இறைச்சியும் ஏழைக்கு எட்டா. ஆனால் மழை பெய்யும் வங்காளத்தில் புல்லுக்கும் இலைக்கும் குறைவில்லை. மாடு புல்லைத் தின்று வளர்கிறது. அப்புல்லில் புரதம் இருக்கிறது. மனிதன் மட்டும் ஏன் அதை உண்ண முடிவதில்லை?

இலையின் புரதம் நார்ச்சத்தாலான சுவர்களுக்குள் அடைபட்டிருக்கிறது. மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் அச்சுவரை உடைத்துவிடும். மனித வயிற்றில் அதற்கு வழியில்லை. ஆகவே வயிறு செய்ய முடியாத வேலையைக் கருவிகள் செய்ய வேண்டும். இலையை நன்கு நசுக்கிச் சாறு பிழிந்து, அச்சாற்றைச் சூடாக்கினால், பால் திரிவது போலப் புரதம் திரண்டு தனியே பிரிகிறது. அதை வடிகட்டி எடுத்து உணவுடன் கலக்கலாம். புல்லிலிருந்து புரதம் பிரிக்கும் இம்முயற்சியில் குகாவின் குழு இறங்கியது. பாலுக்கு மாற்றாக, மலிவான தாவரப் பொருள்களிலிருந்து சத்துநீர் தயாரிக்கும் வழியையும் அவர்கள் ஆராய்ந்தனர்.

இம்முயற்சியால் பஞ்சம் தீர்ந்துவிடவில்லை. ஆய்வுக்கூடத்தில் கிண்ணமளவு செய்ததை இலட்சக்கணக்கான மக்களுக்கு வழங்க எந்திரங்களும் காலமும் வேண்டும். இரண்டுமே அப்போது இல்லை. மேலும் இலைப்புரதம் கரும்பச்சை நிறமுடையது, புல்வாடை வீசுவது. பசித்தவரும் தமக்குப் பழகாத உணவை ஏற்கத் தயங்குவர். சத்து நிறைந்த உணவு மட்டும் போதாது. உண்பவர் விரும்பி ஏற்கும் உணவாகவும் அது இருக்க வேண்டும். பஞ்சமோ அறிவியலால் மட்டும் தீர்வதன்று. நல்லாட்சியும் நேர்மையான பங்கீடும் அதற்கு வேண்டும்.

ஆயினும் குகா அந்த எண்ணத்தைக் கைவிடவில்லை. இங்கிலாந்தில் பிரீ என்னும் அறிஞரும் இலைப்புரதத்தை மனித உணவாக்க நெடுங்காலம் உழைத்தார். பஞ்சம் முடிந்து பல்லாண்டுகள் கழிந்த பின், 1960ஆம் ஆண்டிலும் குகா இலைப்புரதம் பற்றிப் புகழ்பெற்ற மருத்துவ இதழொன்றில் எழுதினார். தெருவில் கண்ட காட்சிகள் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை என்பதை இது உணர்த்துகிறது.

ஆய்வுக்கூடத்திலிருந்து அரசுப் பணிக்கு

1944ஆம் ஆண்டு நடுவண் அரசின் உணவுத்துறை குகாவைத் தன் முதன்மைத் தொழில்நுட்ப ஆலோசகராக அழைத்தது. விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டதற்காகக் கல்லூரியை இழந்தவர் அவர். எனினும் மக்களின் உணவு பற்றிய பணி என்பதால் அவ்வழைப்பை ஏற்றார். உணவைப் பாதுகாத்தல், பதப்படுத்துதல், அதன் தரத்தை ஆராய்தல் ஆகியவற்றை அறிவியல் முறையில் ஒழுங்குபடுத்துவதற்கு அவர் உழைத்தார்.

நாடு விடுதலை பெற்ற பின்னர், 1948ஆம் ஆண்டு தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் அமைக்கப்பட்டது. ஆண்டுதோறும் வெள்ளத்தால் வங்காளத்தை அழவைத்த தாமோதர் ஆற்றில் அணைகள் கட்டி, பாசனமும் மின்சாரமும் பெறுவது அதன் நோக்கம். அக்கழகத்தின் உறுப்பினராகக் குகா பொறுப்பேற்றார். உயிரணுவை ஆராய்பவருக்கு அணைக்கட்டில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். வயலுக்கு நீர் வந்தால்தான் தட்டில் சோறு வரும். தட்டில் சோறு வந்தால்தான் உயிரணுவுக்கு உணவு கிடைக்கும். குகாவுக்கு இவை யாவும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகவே தோன்றின.

அவருடைய துணைவியார் பூல்ரேணு குகாவும் விடுதலைப் போராட்டத்திலும் சமூகத் தொண்டிலும் ஈடுபட்டவர். பிற்காலத்தில் அவர் நடுவண் அமைச்சரவையில் சமூக நலப் பொறுப்பை வகித்தார். பத்மபூஷண் விருதும் பெற்றார்.

கொண்டைக்குருவி சொன்ன செய்தி

சில ஆண்டுகளுக்குப் பின் குகா மீண்டும் பல்கலைக்கழகத்திற்கே திரும்பினார். நெடுநாளாக மனத்தில் இருந்த ஒரு வினா அவருக்காகக் காத்திருந்தது. ஆடும் மாடும் எலியும் எலுமிச்சையோ நெல்லிக்கனியோ உண்பதில்லை. ஆயினும் அவற்றுக்கு ஸ்கர்வி நோய் வருவதில்லை. மனிதனுக்கு மட்டும் அந்நோய் ஏன் வருகிறது?

எலியும் ஆடும் தமக்கு வேண்டிய உயிர்ச்சத்து சி-யைத் தம் உடலிலேயே குளுக்கோசிலிருந்து உருவாக்கிக்கொள்கின்றன. அவ்வேலை கல்லீரல் உயிரணுக்களில் நடைபெறுகிறது. குகாவும் மாணவர்களும் கல்லீரலை அரைத்து, அதன் உயிரணுப் பகுதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, எந்தப் பகுதி இச்சத்தை உண்டாக்குகிறது என்று ஆராய்ந்தனர். பிற நாட்டு அறிஞர்களும் இதே வினாவுக்கு விடை தேடிக்கொண்டிருந்தனர். இறுதிப் படியில் வேலை செய்யும் ஒரு நொதி மனிதனிடமும் குரங்கினங்கள் பலவற்றிடமும் கினிப்பன்றியிடமும் இல்லை என்பது தெளிவாயிற்று. ஒரே ஒரு நொதி இல்லாமையால், நாம் காய்கனிகளை நம்பி வாழ வேண்டியவர்களாக இருக்கிறோம்.

பறவைகளின் நிலை என்ன என்றும் அவர்கள் ஆராய்ந்தனர். கொல்கத்தாவின் தோட்டங்களில் எங்கும் காணக்கூடிய பறவை கொண்டைக்குருவி. கரிய கொண்டையும் வாலடியில் சிவப்பும் உடைய அச்சிறு பறவை பழங்களை விரும்பி உண்பது. அதன் உடலும் உயிர்ச்சத்து சி-யை உருவாக்குவதில்லை என்று குகாவின் குழு கண்டறிந்தது. அச்சத்து இல்லாத உணவை மட்டும் கொடுத்தபோது அப்பறவைக்கும் ஸ்கர்வி நோய் வந்தது. 1958ஆம் ஆண்டு இச்செய்தி உலக அறிவியல் இதழில் வெளிவந்தது. மரக்கிளையில் பாடும் குருவியும் மரத்தடியில் நிற்கும் மனிதனும் இவ்வகையில் ஒரே குறையுடையவர்கள் என்பது எத்துணை வியப்பு!

நிறைவு

1962ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், லக்னோவில் குகா காலமானார். அப்போது அவருக்கு வயது 57. அவர் தொடங்கிய ஆய்வுகளை அவருடைய மாணவர்கள் தொடர்ந்தனர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் மரபணுப் பொறியியல் மற்றும் உயிரித் தொழில்நுட்ப மையம் இன்று அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

மணிமேகலையின் கையில் இருந்த அமுதசுரபியைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். அள்ளக் குறையாத அப்பாத்திரம் பசிப்பிணியைத் தீர்த்தது. குகாவின் கையில் அமுதசுரபி இல்லை, சோதனைக்குழாய்தான் இருந்தது. அதிலிருந்து சோறு பொங்கி வழியவில்லை. ஆனால் உணவு என்பது யாது, அது உடலில் எங்கே சென்று சேர்கிறது, அது இல்லாதபோது எது அழிகிறது என்னும் அறிவு பிறந்தது. அவ்வறிவைப் பசித்தவர் பக்கம் நின்று பயன்படுத்த முனைந்தவர் என்பதாலேயே பீரேஷ் சந்திர குகா இன்றும் நினைக்கப்படுகிறார்.

பொருள் அறிவோம்

கவளம் – ஒரு வாய் அளவு உணவு
உயிரணு – உயிரினங்களின் உடலை ஆக்கும் மிகச் சிறிய அலகு
நொதி – உடலில் வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் புரதம்
நடுவண் அரசு – மத்திய அரசு
துயர்துடைப்பு – துன்புற்றோர்க்கு உதவுதல்
பசிப்பிணி – பசி என்னும் நோய்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. குகா பிரசிடென்சி கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டது ஏன்?
2. உயிரணுவின் அடுப்பு எனப்படுவது எது? அதற்குக் காரணம் யாது?
3. முட்டைக்கோசைச் சூடாக்கியபோது ஆய்வாளர்கள் கண்ட வியப்பு யாது?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.

1. இலையில் உள்ள புரதத்தை மாடு பெறுகிறது, மனிதன் பெறுவதில்லை. காரணத்தை விளக்குக.
2. இலைப்புரத முயற்சி பஞ்சத்தைத் தீர்க்கவில்லை. அப்படியானால் அது வீண்முயற்சியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
3. அணைக்கட்டுப் பணியையும் உயிரணு ஆய்வையும் குகா ஒரே சங்கிலியின் கண்ணிகளாகக் கருதியதை விளக்குக.

இ. பிரித்து எழுதுக.

கஞ்சித்தண்ணீர், உயிர்ச்சத்து, இலைப்புரதம், பெரும்புயல்

ஈ. செயல்பாடு

உம் வீட்டருகே உள்ள சந்தைக்குப் பெரியவர் ஒருவருடன் சென்று, அங்கு விற்கும் கீரை வகைகளைப் பார்த்து வருக. அவற்றின் வங்காளப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் அட்டவணையாக எழுதுக. எடுத்துக்காட்டு: பூயி சாக் – கொடிப்பசலை, சஜ்னே சாக் – முருங்கைக்கீரை.